தீவு நீரில் ஊட்டச்சத்து: தானியங்கி சென்சார்கள் அளப்பது எப்படி?

அந்தமான் தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீவுகள் குறுகலானவை என்பதால், சரிவுகளில் விழும் நீர் சில மணி நேரத்திலேயே கடலை அடைந்துவிடுகிறது. வயல்களில் இட்ட உரமும் குடியிருப்புகளின் கழிவும் அந்த வெள்ளத்தோடு செல்கின்றன. அவற்றிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்தால் நீர்த்தேக்கத்தில் பாசி பெருகும்; அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்ஸிஜன் குறையும். மாதம் ஒருமுறை குப்பியில் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிக்கும் முறையில், முதல் மழையின் அந்தச் சில மணி நேரம் பெரும்பாலும் பதிவாவதில்லை. தானியங்கி சென்சார்களின் தேவை இங்குதான் எழுகிறது.

நைட்ரேட்டை அளப்பதே இவற்றில் எளிது. நைட்ரேட் புறஊதா ஒளியை உறிஞ்சும் தன்மையுடையது. நீரின் வழியே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டால் அளவு தெரிந்துவிடும், ரசாயனம் தேவையில்லை. கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கென் ஜான்சன், லூக் கொலெட்டி ஆகியோர் கடல்நீருக்கான இத்தகைய கருவியை 2002ஆம் ஆண்டு விவரித்தனர். பாஸ்பேட்டுக்கு இந்த வழி உதவாது. கருவிக்குள்ளேயே மாலிப்டினம் சேர்மத்தைக் கலந்து, தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியை அளக்க வேண்டும். ஆகவே ரசாயனப் பைகளை அவ்வப்போது மாற்ற ஆள் செல்ல வேண்டியுள்ளது.

வெப்பமண்டலத் தீவுகளில் வேறு சிக்கல்களும் உண்டு. காட்டு இலைகள் ஊறிய பழுப்பு நீரும் புறஊதா ஒளியை உறிஞ்சுவதால், நைட்ரேட் அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியக்கூடும். கழிமுகத்தில் கடல்நீரின் புரோமைடும் இதே குழப்பத்தை உண்டாக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, வெதுவெதுப்பான நீரில் சென்சாரின் கண்ணாடி மீது விரைவில் படியும் பாசியும் சிப்பிகளும்தான். தானாகத் துடைக்கும் தூரிகையும் செம்புக் கவசமும் இதைத் தாமதப்படுத்துமே தவிர, முற்றிலும் தடுக்காது.

இந்தியாவில் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கங்கையில் நிகழ்நேர நீர்த்தரக் கண்காணிப்பு நிலையங்களை அமைத்துள்ளது. கொச்சி, விசாகப்பட்டினம் கடற்பகுதிகளில் இன்காய்ஸ் நிறுவனம் நீர்த்தர மிதவைகளை நிறுவியுள்ளது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தீவு மையம், முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் இயங்குகிறது.

அந்நகரின் முக்கியக் குடிநீர் ஆதாரம், மழையை மட்டுமே நம்பியுள்ள தனிக்காரி நீர்த்தேக்கம். கோடையில் நீர்மட்டம் தாழும்போது, எஞ்சிய நீரின் தரமும் கவலைக்குரியதாகிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி ஒரு லிட்டரில் 45 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருக்கலாம். ஆனால், தெளிந்த நீரில் வாழும் பவளப்பாறைகளை அதைவிடப் பல மடங்கு குறைந்த அளவே பாதிக்கும். எனவே குடிக்கத் தகுந்தது எனச் சான்று பெற்ற ஓடை நீரும் கடலில் சேரும் இடத்தில் தீங்கு செய்யக்கூடும். ஒரே ஓடையில் மேலே ஒன்றும் கழிமுகத்தில் ஒன்றுமாக, வெவ்வேறு எச்சரிக்கை அளவுகளுடன் சென்சார்கள் தேவைப்படுவது இதனாலேயே.