வெறுங்கையோடு போனால் போதுமா?
கிறிஸ்துவை நம்பி மீட்புப் பெறுதல் பற்றித் திருச்சபையின் போதனை



பங்குப் பணியில் இரண்டு கேள்விகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். முதல் கேள்வி தெருவில் கேட்கப்படுவது: "நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?" பேருந்து நிலையத்தில் கைப்பிரதி கொடுப்பவர் கேட்கிறார். சில வீடுகளில், வேறு சபைக்குப் போன மகனே தன் தாயைப் பார்த்துக் கேட்கிறான். "நாங்கள் கிறிஸ்துவை மட்டும் நம்புகிறோம், நீங்கள் உங்கள் கிரியைகளை நம்புகிறீர்கள்" என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான். பதில் தெரியாமல் நம் மக்கள் தடுமாறுகிறார்கள்.

இரண்டாம் கேள்வி நோயாளியின் கட்டிலருகே கேட்கப்படுவது. உபதேசியாரும் நாங்களும் ஒரு மூதாட்டிக்கு நற்கருணை கொண்டுசென்றிருந்தோம். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதல்ல, பிள்ளைகள், மருமகள்கள் எல்லாரும் சுற்றி நிற்கும்போதே அவர் கேட்டது இது: "சாமி, முப்பது வருசம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போயிருக்கேன். ஜெபமாலை சொல்லாமப் படுத்ததில்ல. ஆனா மூத்த மருமககிட்ட ஏழு வருசம் பேசாம இருந்துட்டேன். அதைக் கழிச்சா, மிச்சம் போதுமா சாமி?"

இரண்டு கேள்விகளும் வேறுவேறு போலத் தெரிந்தாலும் அடிப்படையில் ஒன்றே. நம்மை மீட்பது எது? இதற்குத் திருச்சபை தரும் பதிலைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

சொற்களைப் புரிந்துகொள்வோம்

நம்மில் மூத்தவர்கள் சிறுவயதில் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று செபித்தவர்கள். அன்று 'விசுவாசம்' என்றதை 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் 'நம்பிக்கை' என்கிறது. அன்று 'நம்பிக்கை' என்றதை இன்று 'எதிர்நோக்கு' என்கிறோம். அதுபோல, பிற சபையினர் 'நீதிமானாக்கப்படுதல்' என்பதை நம் திருவிவிலியம் 'கடவுளுக்கு ஏற்புடையவராதல்' என்கிறது. சொற்கள் மாறினாலும் மூலம் ஒன்றே. பாவியான மனிதரைக் கடவுள் மன்னித்து, புதுப்பித்து, தம் பிள்ளையாக ஏற்றுக்கொள்வதே ஏற்புடைமை.

நம்பிக்கை என்பதும் 'கடவுள் உண்டு' என்று ஒத்துக்கொள்வது மட்டுமல்ல. பேய்களும் அதை நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதுகிறார் (யாக் 2:19). கிறிஸ்தவ நம்பிக்கை என்பது, நமக்காகச் சிலுவையில் இறந்து உயிர்த்த கிறிஸ்துவிடம் நம்மை முழுவதும் ஒப்படைப்பதாகும்.

இறைவார்த்தை சொல்வது என்ன?

எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் மூன்று வசனங்களில் முழுப் பதிலையும் தந்துவிடுகிறார் (எபே 2:8-10). நாம் மீட்புப் பெற்றது அருளால். அதைப் பெற்றது நம்பிக்கை வழியாக. அது நம் செயல்களின் பயன் அல்ல, கடவுளின் கொடை. எனவே யாரும் பெருமை பாராட்ட இடமில்லை. இதைச் சொன்ன கையோடு, நற்செயல்கள் புரியவே நாம் கிறிஸ்து இயேசுவில் படைக்கப்பட்டோம் என்றும் சொல்கிறார். நற்செயல் மீட்பின் விலை அல்ல, மீட்கப்பட்டவரின் வாழ்வு.

லூக்கா நற்செய்தியில் கோவிலுக்குச் செபிக்கச் சென்ற இருவரை நினைவுகூர்வோம் (லூக் 18:9-14). பரிசேயர் தம் நோன்பையும் காணிக்கையையும் கணக்கிட்டுச் சொன்னார். வரிதண்டுபவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை; இரக்கம் கேட்டார். ஏற்புடையவராக வீடு திரும்பியவர் அவரே. கல்வாரியில் இயேசுவோடு அறையப்பட்ட கள்வனுக்கு நற்செயல் செய்யக் கைகளும் இல்லை, நேரமும் இல்லை. நம்பி வேண்டினான், அன்றே பேரின்ப வீடு கிடைத்தது (லூக் 23:42-43).

வரலாற்றில் இந்தப் போதனை

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்ற துறவி, மனிதர் தம் சொந்த முயற்சியாலேயே பாவமின்றி வாழ இயலும் என்று கற்பித்தார். புனித அகுஸ்தினார் அதை எதிர்த்தார். 418இல் கூடிய கார்த்தேஜ் சங்கம் அதைக் கண்டித்தது. 529இல் கூடிய ஓரஞ்சு சங்கம் இன்னும் ஒரு படி சென்று, நம்பவேண்டும் என்ற ஆசையின் தொடக்கம்கூட இறையருளின் கொடையே என்று அறிக்கையிட்டது. எனவே, செயலால் மீட்பை விலைக்கு வாங்கலாம் என்ற எண்ணத்தைத் திருச்சபை லூத்தர் பிறப்பதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தள்ளிவிட்டது.

ஆனால் போதனை ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருந்த காலங்கள் உண்டு என்பதை நாம் மறைக்கக்கூடாது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவத் தண்டனையைக் குறைக்கும் பலன்கள் பணத்தோடு இணைக்கப்பட்டு வழங்கப்பட்டன. 1505இல் அகுஸ்தினார் சபையில் சேர்ந்த மார்ட்டின் லூத்தர், கடவுள் தன்னை ஏற்பாரா என்ற அச்சத்தால் வதைபட்டவர். நேர்மையாளர் நம்பிக்கையால் வாழ்வர் என்ற உரோமையர் திருமுகப் போதனையில் (உரோ 1:17) ஆறுதல் கண்டார். 1517இல் பலன்கள் பற்றிய தம் 95 கருத்துகளை வெளியிட்டார். 1522இல் வெளிவந்த தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் உரோமையர் 3:28இல், மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். பவுலின் கருத்தைத் தெளிவாக்கவே சேர்த்ததாக 1530இல் விளக்கமும் எழுதினார். அதற்கு முன்பே, 1521இல், அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். மேற்கத்தியத் திருச்சபை பிளவுண்டது.

திரெந்து பொதுச்சங்கம் (1545-1563) தன் பதிலை 1547 சனவரி 13இல், 16 அதிகாரங்களும் 33 விதிகளும் கொண்ட ஆணையாக வெளியிட்டது. பலரும் நினைப்பதுபோல் அது செயல்களைப் புகழ்ந்து தொடங்கவில்லை. நம்பிக்கையே மனித மீட்பின் தொடக்கம், ஏற்புடைமை அனைத்திற்கும் அடித்தளம், வேர் என்று அது கற்பித்தது. ஏற்புடைமைக்கு முன் நம்மிடம் உள்ள எதுவும் அந்த அருளுக்குத் தகுதியாகாது என்றும் சொன்னது. அது கண்டித்தது வேறொன்றை. 'நம்பிக்கை மட்டும் போதும். அருளுக்கு மனிதர் இசைந்து ஒத்துழைக்கத் தேவையே இல்லை' என்று பொருள்கொள்வதையே அது மறுத்தது. பலன்களைப் பணத்தோடு இணைக்கும் முறையைத் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 1567இல் ஒழித்தார்.

1999: ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கை

நம் மக்களில் பலருக்குத் தெரியாத செய்தி இது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், 1967 முதல் கத்தோலிக்கரும் லூத்தரன் திருச்சபையினரும் பன்னாட்டு அளவில் உரையாடி வந்தனர். அதன் கனியாக, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், ஏற்புடைமைக் கோட்பாடு பற்றிய கூட்டறிக்கையை ஏற்கும் ஆவணத்தில் இரு தரப்பினரும் கையெழுத்திட்டனர். கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில் கர்தினால் எட்வர்ட் கேசிடியும், லூத்தரன் உலகக் கூட்டமைப்பின் சார்பில் அதன் தலைவர் ஆயர் கிறிஸ்டியன் கிரவுசேயும் கையெழுத்திட்டவர்களில் முதன்மையானவர்கள்.

44 பத்திகள் கொண்ட அந்த அறிக்கையின் நடுநாயகமான 15ஆம் பத்தி சொல்வதன் சாரம் இது. நம் பேறுபலன்களால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலை நம்புவதன் வழியாகக் கடவுள் நம்மை ஏற்கிறார். தூய ஆவியார் நம் உள்ளங்களைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு ஆற்றலும் அழைப்பும் தருகிறார். 16ஆம் நூற்றாண்டில் இரு தரப்பும் ஒன்றையொன்று கண்டித்த கண்டனங்கள், இந்த அறிக்கையில் உள்ள போதனையைத் தொடுவதில்லை என்றும் அறிக்கை கூறுகிறது.

உலக மெதடிஸ்ட் மன்றம் 2006இலும், சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக ஒன்றியம் 2017இலும் இதில் இணைந்தன. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்த லூத்தரன் உலகக் கூட்டமைப்பின் உறுப்பினர். ஆகவே பக்கத்துத் தெருவில் உள்ள அந்த ஆலயத்தாரும் நாமும், மீட்பு எதனால் என்ற கேள்விக்கு அடிப்படையான பதிலை ஒரே குரலில் சொல்கிறோம்.

2008 நவம்பர் 19 அன்று தம் புதன் மறையுரையில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், 'நம்பிக்கை மட்டும்' என்ற லூத்தரின் கூற்று, நம்பிக்கையை அன்புக்கு எதிராக நிறுத்தாத வரையில் உண்மையே என்று விளக்கினார். நம்புவது கிறிஸ்துவோடு இணைவது. கிறிஸ்துவோடு இணைபவர் அவரது அன்பிலும் இணைகிறார். அன்பின் வழியாய்ச் செயலாற்றும் நம்பிக்கை என்று பவுல் சொல்வதும் இதையே (கலா 5:6).

வேறுபாடுகள் இல்லையா?

உண்டு. ஏற்புடையவரான பின்னும் மனிதர் ஒரே நேரத்தில் நேர்மையாளரும் பாவியுமாக இருக்கிறார் என்று லூத்தரன் மரபு சொல்லும். பாவ நாட்டம் எஞ்சியிருந்தாலும் திருமுழுக்கு பாவத்தை உண்மையாகவே போக்குகிறது என்பது நம் போதனை. இன்னும் ஒன்று: 'நான் மீட்கப்பட்டுவிட்டேன், இனி என்னால் அதை இழக்கவே முடியாது' என்று நாம் சொல்வதில்லை. கடவுள்மேல் நமக்கு ஐயமில்லை. ஆனால் கொடுத்த கையை உதறிவிட்டுப் போகும் உரிமை நமக்கு இன்னும் இருக்கிறது. அவ்வாறு போனவர் திரும்பிவரவே ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது.

'நம்பிக்கையினால் மட்டும்' என்ற சொற்சேர்க்கை விவிலியத்தில் வரும் ஒரே இடத்தில் (யாக் 2:24), அது போதாது என்றே சொல்லப்படுகிறது. பசித்தவருக்கு உணவு தராமல் வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்பும் நம்பிக்கையை யாக்கோபு செத்த நம்பிக்கை என்கிறார். பவுல் கண்டித்தது பெருமையை. யாக்கோபு கண்டித்தது சோம்பலை. நம்மிடம் இரண்டும் உண்டு. எனவே இருவரும் நமக்குத் தேவை.

நம் வழிபாடே சாட்சி

கத்தோலிக்கர் செயலை நம்புகிறவர்கள் என்று யாரேனும் சொன்னால், நம் ஆலயத்திற்கு வந்து பார்க்கச் சொல்வோம். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குத் திருமுழுக்குத் தருகிறோம். அந்தக் குழந்தை என்ன புண்ணியம் செய்தது? பெற்றோரும் திருச்சபையும் அறிக்கையிடும் நம்பிக்கையில், கடவுளின் பிள்ளையாகிறது. திருப்பலியில் நற்கருணை பெறும் முன், நூற்றுவர் தலைவரைப் போல, நாங்கள் தகுதியற்றவர்கள், ஆண்டவரின் ஒரு சொல்லே போதும் என்று அறிக்கையிடுகிறோம் (மத் 8:8). தகுதி இருப்பதால் நாம் பீடத்தை நோக்கி நடப்பதில்லை.

பின் திருப்பயணமும் செபமாலையும் நோன்பும் எதற்கு? தந்தையின் வீட்டில் வாழும் பிள்ளை அவர் வயலில் வேலை செய்கிறது. வேலை செய்ததால் அது பிள்ளையாகிவிடவில்லை. பிள்ளையாக இருப்பதால் வேலை செய்கிறது. நம் நற்செயலுக்குக் கடவுள் கைம்மாறு தருகிறார் என்பதும் உண்மையே. ஆனால் அந்தச் செயலுக்கான விருப்பத்தையும் ஆற்றலையும் தந்தவரும் அவரே (பிலி 2:13).

வெறுங்கையோடு

குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1895 சூன் 9 அன்று தம்மை இறை இரக்கத்திற்குக் கையளித்துச் செபித்தபோது, வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு கடவுள்முன் நிற்பதாகவும், தம் செயல்களை எண்ணிப் பார்க்கவேண்டாம் என்றும் வேண்டினார். 24 வயதில் இறந்த அந்தத் துறவியைத் திருச்சபை 1997இல் மறைவல்லுநராக அறிவித்தது. பேறுபலன் பற்றிப் பேசும் இடத்திலேயே (எண் 2011) கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இந்தச் செபத்தைத் தருகிறது.

அந்த மூதாட்டியிடம் நாங்கள் பெரிய விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டி, "அம்மா, கணக்கை அவர் தீர்த்துவிட்டார். நீங்கள் அவரை நம்பினால் போதும்" என்றோம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூத்த மருமகளை அருகில் அழைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டிக் கழிக்கும் பேச்சு அதன்பின் எழவில்லை. கிறிஸ்துவை நம்பியவுடன் முதலில் நடந்தது ஓர் அன்புச் செயல். பவுலும் யாக்கோபும் சொன்னதை ஒரே நேரத்தில் அந்த வீட்டில் கண்டோம்.

எனவே, அன்பார்ந்தவர்களே, 'இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?' என்று யாராவது கேட்டால் சினங்கொள்ள வேண்டாம், வாதாடவும் வேண்டாம். "கிறிஸ்து திருமுழுக்கில் என்னை மீட்டார்; இன்றும் தம் அருளால் மீட்டு வருகிறார்; இறுதிவரை மீட்பார் என்று அவரையே நம்பியிருக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்வோம். அதன்பின் நம் வீட்டில் நாம் பேசாமல் இருப்பவர் யார் என்று பார்த்து, அவரிடம் போவோம்.

நம்மை அன்பு செய்து, நமக்காகத் தம்மையே கையளித்த ஆண்டவர் இயேசுவின் அருள் நம் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.