செம்பவாங் வெந்நீர் ஊற்று

சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீர் ஊற்றைப் பார்த்திருக்கிறீர்களா? 1909இல் இது வெளியுலகுக்குத் தெரியவந்தது. சுற்றிலும் கம்போங் ஆயர் பானாஸ், அதாவது சுடுதண்ணிக் கம்பம், உருவானது. 1920களில் பிரேசர் அண்ட் நீவ் கம்பெனி இந்த நீரைப் போத்தலில் அடைத்து விற்றது. போர்க்காலத்தில் ஜப்பானியர் குளியலறைகள் கட்டினர். 1985இல் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மக்கள் விடாமல் கேட்டதால் 2002இல் ஊற்று மறுபடி திறக்கப்பட்டது, 2020இல் பூங்காவானது. 70 டிகிரி சூட்டில் பொங்கும் நீரில் முட்டை அவிக்கலாம், ஆறிய நீரில் கால் நனைக்கலாம். பிள்ளைகளோடு போய் வாருங்கள்.

கம்பம் இன்று இல்லை. கேட்க ஆள் இருந்ததால் ஊற்று நமக்கு மிஞ்சியது. நம்ம தோட்டத்துக் கதையையும் தாத்தா பாட்டிகிட்ட கேட்டு எழுதி வையுங்கள், மாணவர்களே. விட்டால் அதுவும் போயிடும்!