துர்க்கானாக் காற்றும் காணிப் பத்திரமும்

ஆபிரிக்காவின் காற்று மின்சாரம் என்றதும் எகிப்து, மொரோக்கோ, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளே பலருக்கும் நினைவில் எழும். ஆனால் இத்தொழிலின் இலாபத்தையும் இடரையும் ஒருசேர அறிய விரும்புவோர் பார்க்க வேண்டிய இடம் வட கென்யா.

எத்தியோப்பிய மேட்டுநிலத்துக்கும் கிழக்காபிரிக்க மேட்டுநிலத்துக்கும் இடையே தாழ்ந்த இடைவெளியொன்று உண்டு. இந்து சமுத்திரப் பக்கமிருந்து வரும் காற்று அதனுள் நெருக்குண்டு வேகங்கொள்கிறது. துர்க்கானா ஏரியின் தென்கிழக்குக் கரையில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 11 மீற்றரைத் தாண்டும். உலகில் இத்தகைய இடங்கள் மிகச் சிலவே.

கென்யாவுக்குக் காற்றாலை அதற்கு முன்னரும் புதிதல்ல. 1993இல் பெல்ஜியத்தின் உதவியுடன் நைரோபிக்கு அண்மையிலுள்ள ங்கொங் குன்றுகளில் இரண்டு நிறுவப்பட்டன. ஆனால் அவை காட்சிப்பொருள் அளவினவே. துர்க்கானாவில் திட்டமிடப்பட்டதோ 310 மெகாவாட். 365 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 850 கிலோவாட். அதனினும் பெரிய இயந்திரங்கள் அன்றே சந்தையில் இருந்தன. எனினும் மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் தூரம் லொறியில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. 200 கிலோமீற்றருக்கு மேல் வீதியையே திருத்தியமைக்க நேர்ந்தது. ஆகவே சிறியவையே பொருத்தமாயின.

2012இல் உலக வங்கி இத்திட்டத்திலிருந்து விலகியது. பயன்படுத்த முடியாத மின்சாரத்துக்கும் கென்யா பணம் செலுத்த நேரிடும் என்பது அதன் அச்சம். ஆபிரிக்க அபிவிருத்தி வங்கி முன்னின்று நிதி திரட்டியது. உலக வங்கியின் எச்சரிக்கைகளெல்லாம் ஏழை நாடுகளின் நலன் கருதியவை என்று கொள்பவன் நானல்லன். ஆயினும் இவ்விடயத்தில் அதன் கணக்குத் தப்பவில்லை.

2017ஆம் ஆண்டின் முற்பகுதியில் 365 காற்றாலைகளும் நிமிர்ந்து நின்றன. மின்சாரத்தைக் கொண்டுசெல்லக் கம்பிதான் இல்லை. சுஸ்வா வரையிலான 400 கிலோமீற்றருக்கும் அதிகமான மின்வழியை அமைப்பது அரசின் பொறுப்பு. அந்த ஒப்பந்தத்தைப் பெற்றிருந்த ஸ்பானிய நிறுவனம் வங்குரோத்தாகியது. பின்னர் சீன நிறுவனங்கள் வேலையை முடித்து, 2018 செப்டெம்பரில் இணைப்புக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்துக்கான நட்டஈடு பல நூறு கோடி கென்ய ஷில்லிங். அதன் சுமை இறுதியில் மின்கட்டணம் செலுத்தும் சாதாரண பாவனையாளரின் தலையில் விழுந்தது. காணாத மின்சாரத்துக்கும் விலை கொடுத்தார்கள்.

2019 ஜூலையில் ஜனாதிபதி உகுரு கென்யாட்டா அதனைத் திறந்து வைத்தார். அதன்பின் நாட்டின் மின்னுற்பத்தியில் பத்திலொரு பங்குக்கு மேல் இந்தக் காற்றே ஈட்டித் தந்தது. எண்ணெய் எரித்த நிலையங்கள் அந்த அளவுக்கு ஓய்ந்தன. இது சிறிய சாதனையன்று.

ஆனால் காணி யாருடையது? ரெண்டிலே, சம்புரு, துர்க்கானா, எல் மோலோ ஆகிய மக்கள் வழிவழியாகக் கால்நடை மேய்த்தும் மீன்பிடித்தும் வாழ்ந்துவரும் நிலப்பரப்பு அது. வேலியில்லை, உறுதியில்லை. அவர்களது பொதுநிலத்தில் 1,50,000 ஏக்கரை மார்சபிட் உள்ளூராட்சி மன்றம் குத்தகைக்குக் கொடுத்தது. காற்றாலைகளின் அடித்தளங்கள் அதில் சிறு துண்டையே பிடித்துள்ளன, மேய்ச்சலுக்குத் தடையில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அது உண்மையாயிருக்கலாம். தமக்குரிய நிலம் தம்மைக் கேளாமல் கைமாறியது என்பதே மக்களின் வாதம்.

2014இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். மேருவிலுள்ள சுற்றாடல், காணி நீதிமன்றம் 2021 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. காணி உறுதிகள் சட்டமுறைப்படி பெறப்படவில்லை என்று கூறி, குறையைச் சீர்செய்ய ஓராண்டு அவகாசம் வழங்கியது. அதற்குள் நிறுவனம் பல ஆண்டுகளாகக் காணியில் வேரூன்றியிருந்தது. 2023இல் அவகாசத்தை நீடிக்குமாறு கேட்கப்பட்டபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தெற்கே கினங்கொப்பில் வேறு விதமாக நடந்தது. அங்கு உழவர்கள் சிறுகாணிக்காரர். எதிர்ப்பைத் தொடக்கத்திலேயே காட்டினார்கள். கலவரத்தில் உயிரும் போயிற்று. 60 மெகாவாட் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கே ஒரு காற்றாலையும் எழவில்லை.