மலைக்கு ஆள் சேர்த்தவர்கள்: நாஞ்சில் நாட்டில் கங்காணி முதல் தொழிலாளர் நல அலுவலர் வரை

தென் திருவிதாங்கூரின் மலைத் தோட்டங்களிலும், அங்கிருந்து பலர் கடல் கடந்து போன இலங்கைத் தோட்டங்களிலும் ஆள் சேர்ப்பது, பேர் எழுதுவது, வேலை பிரிப்பது, கூலி கொடுப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கங்காணியின் கையில் இருந்தன. இன்று மனிதவள அதிகாரிகள் பலர் பங்கிட்டுக்கொள்ளும் வேலை அது. பஞ்சமோ பயிர்நோயோ விலைவீழ்ச்சியோ வந்து தொழில் படுத்து, பிறகு எழுந்த ஒவ்வொரு முறையும் கங்காணியின் அதிகாரம் மாறியது. சில முறை கூடியது, சில முறை குறைந்தது. எழுச்சியின் பலன் கூலிக்காரர் வீட்டை எட்டியதா என்பது பெரும்பாலும் அந்த மாற்றத்தைப் பொறுத்தே இருந்தது.

மலைத் தோட்டம் வருவதற்கு முன்பு நாஞ்சில் நாட்டு உழைப்பு வயலோடு கட்டப்பட்டிருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளின் நெல்வயல்களில் உழைத்த சாம்பவர், புலையர் குடும்பங்கள் பல நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய அடிமைகள். கூலி என்று கிடைத்தது அளந்து போட்ட நெல். 1855இல் திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் விடுதலை பெற்றவருக்கு நிலம் கிடைக்கவில்லை, வேறு வேலையும் இல்லை. பழைய வயலிலேயே பழைய நெல்கூலிக்கு நின்றவர்களே அதிகம். ஐந்து ஆண்டுகளில் மழை பொய்த்தது. 1860ஆம் ஆண்டுப் பஞ்சமும் அதோடு வந்த காலராவும் தென் திருவிதாங்கூரை உலுக்கின. அடிமை முறை சட்டத்தில் ஒழிந்த தலைமுறையே பஞ்சத்தில் ஊரைவிட்டு வெளியேறிய தலைமுறையாகவும் ஆனது.

அந்த ஆண்டுகளில்தான் இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் தூத்துக்குடிக்கும், அங்கிருந்து கப்பலில் கொழும்புக்கும் போன வழி. அதன் முடிவில் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் இருந்தன. மற்றொன்று வீட்டுக்குப் பக்கத்திலேயே, அசம்பு மலைக்கு ஏறியது. 1860களில் அசம்பு மலைச்சரிவுகளில் ஐரோப்பியர்கள் காடு வெட்டிக் காப்பி போட்டார்கள். அவர்களில் லண்டன் மிஷன் ஊழியர்களின் குடும்பத்தாரும் உண்டு. இரண்டு இடங்களிலும் கூலி காசாகக் கிடைத்தது. நெல்லைத் தவிர வேறு கூலி அறியாத குடும்பத்துக்கு அது பெரிய மாற்றம். காசு கையில் இருந்தால் கடனை அடைக்கலாம், வயலுக்குத் திரும்ப வேண்டியதில்லை. பதநீர்ப் பருவம் முடிந்து கை ஓய்ந்த மாதங்களில் பனையேறிகளும் மலை ஏறினார்கள்.

தோட்டத்துத் துரைக்கு இந்த மக்களின் ஊரும் தெரியாது, பேச்சும் தெரியாது. அந்த இடைவெளியில் நின்றவர் கங்காணி. பெரும்பாலும் அவரும் முன்பு கூலியாக மலைக்குப் போனவர்தான். துரையிடம் முன்பணம் வாங்கி ஊருக்கு வருவார். சொந்தக்காரர், சொந்தச் சாதிக்காரர், பக்கத்து ஊர்க்காரர் என்று ஆள் சேர்ப்பார். வீட்டுக் கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் அந்த முன்பணத்திலிருந்து கொடுப்பார். இருபது முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனவர் சில்லறைக் கங்காணி. பல சில்லறைக் கங்காணிகளைத் தன் கீழ் வைத்திருந்தவர் பெரிய கங்காணி.

அவருடைய வேலைநாள் விடியுமுன் தொடங்கியது. கொம்பு ஊதியதும் லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் பெரட்டுக்களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வந்து நிற்பார்கள். கங்காணி தன் ஆட்களைத் தலை எண்ணுவார். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார். யார் களை வெட்டப் போவது, யார் பழம் பறிப்பது, யார் குழி தோண்டுவது என்பது அங்கேயே முடிவாகும். அன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சலில் கிடப்பவரையும் பெரட்டுக்கு இழுத்துவரக் கங்காணியைத் தூண்டியது இந்தத் தலைக்காசுதான். மாலையில் எடை போடும்போதும் அவர் பக்கத்தில் நின்றார். பறித்தது குறைவென்று சொல்லி அரைப்பேர் போடவைத்தால் அன்றைய கூலி பாதியாகும்.

கூலி நாளில் காசு பல தோட்டங்களில் நேராகத் தொழிலாளியின் கைக்குப் போகவில்லை, கங்காணியிடம் போனது. முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று கழித்தது போக மிச்சம் இருந்தால் கொடுப்பார். கணக்கு அவரிடமே இருந்தது. கடனைக் காட்டும் காகிதத்துக்கு இலங்கையில் துண்டு என்று பெயர். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் புதிய தோட்டம் துண்டில் கண்ட தொகையைக் கட்டி ஆளை எடுக்க வேண்டும். ஆக, கடனோடு சேர்ந்து ஆளும் கைமாறினார். 1855இல் நிலத்தோடு கைமாறுவது ஒழிந்த ஒரு நாட்டிலிருந்து போனவர்களின் பிள்ளைகளுக்கு இது நேர்ந்தது என்பதை இந்த வரலாற்றை எழுதுபவர் யாரும் தாண்டிப்போக முடியாது.

1869இல் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தத் தொழில் சரிந்தது. அசம்பு மலைத் தோட்டங்களையும் நோய் விடவில்லை. 1884இல் தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி மூடியது. கூலி பாக்கியோடு பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. அந்தச் சரிவிலிருந்து இலங்கையைத் தூக்கியது தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிய பயிர், 1900க்குள் மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காப்பிக்கு அறுவடைப் பருவத்தில் மட்டும் ஆள் அதிகம் தேவை. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டும். அதனால் தனி ஆண்கள் போய்வந்த காலம் முடிந்து, குடும்பம் குடும்பமாகக் குடியேறும் காலம் வந்தது. கொழுந்தெடுப்பில் பெண்களின் கை முன்னுக்கு வந்தது. ஆனால் செக்ரோலில் இருப்பது பெண்ணின் பேரேயானாலும் அவள் கூலியைப் புருஷனோ கங்காணியோ வாங்குவது வழக்கமாயிற்று. தேயிலை எழுந்த வேகத்தோடு ஆள் தேவையும் எழுந்தது. தோட்டங்கள் ஆளுக்குப் போட்டியிட்டன, முன்பணம் ஏறியது. ஏறிய முன்பணம் முழுவதும் தொழிலாளியின் துண்டில் கடனாக ஏறியது. எழுச்சிக் காலத்தில் ஆளுக்குக் கிராக்கி கூடினால் கூலி கூட வேண்டும் என்பது பொது வழக்கு. இங்கே கூடியது இடையாளின் வருமானம்.

இருந்தும் கங்காணியை வெறும் சுரண்டல்காரராக மட்டும் எழுதிவிட முடியாது. அந்நிய மலையில் மருந்துக்கும் சாவுச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் ஓடிப்போய்க் கேட்க அவர் ஒருவரே இருந்தார். துரையிடம் போய்ப் பேசும் துணிவும் அவருக்கு மட்டுமே இருந்தது. தென் திருவிதாங்கூரிலிருந்து போனவர்களில் சிலர் கங்காணியாகவும் கணக்கப்பிள்ளையாகவும் உயர்ந்ததற்கு இங்குள்ள மிஷன் பள்ளிகள் ஒரு காரணம். எழுதப் படிக்கத் தெரிந்த கூலிக்குக் கணக்குப் புத்தகம் கைவசப்பட்டது. அப்படிச் சம்பாதித்துத் திரும்பியவர்கள் ஊரில் நிலம் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள். பழைய நிலக்காரர் முன் குனியாமல் நடந்த முதல் குடும்பங்களில் அவர்கள் குடும்பங்களும் உண்டு.

கங்காணியின் பிடியைத் தளர்த்தும் முயற்சி நிதானமாகத்தான் நடந்தது. 1904இல் இலங்கைத் தோட்ட முதலாளிகள் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் வைத்து ஆள் சேர்ப்பை ஓர் அலுவலகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. 1922இல் இந்தியாவின் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதையொட்டி இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்தார். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டது. நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே உலகப் பொருளாதார நெருக்கடி அதை வெட்டியது. விலை திரும்பிய பிறகும் வெட்டிய கூலி உடனே திரும்பவில்லை. தஞ்சாவூரிலிருந்து போன கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியபோது அவர் எழுத்தும் பேச்சும் துரைகளோடு பெரிய கங்காணிகளையும் எதிர்த்தன. 1939இல் இலங்கைக்குக் கூலியாட்கள் போவதை இந்திய அரசு தடை செய்தது.

இந்தியாவுக்குள் மாற்றத்துக்கு வித்திட்டது விட்லி தலைமையிலான தொழிலாளர் அரச ஆணையம். 1929இல் அமைந்து 1931இல் அறிக்கை தந்த அந்த ஆணையம், ஆலைகளில் கங்காணியைப் போல ஆள் எடுத்த மேஸ்திரிகள் வேலைக்கு லஞ்சம் வாங்குவதை விரிவாக எடுத்துக்காட்டியது. ஆள் எடுக்கும் பொறுப்பு தனியாக ஒரு தொழிலாளர் அதிகாரிக்குப் போக வேண்டும் என்றது. அதற்கான படிப்பும் மெல்ல உருவானது. 1936இல் பம்பாயில் டாட்டா சமூகப்பணிக் கல்விநிலையம், 1949இல் ஜாம்ஷெட்பூரில் சேவியர் நிறுவனம், 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி ஆகியவை நல அலுவலர்களையும் பணியாளர் அதிகாரிகளையும் பயிற்றுவித்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களுக்கு அந்த எண்ணை 300 என்று வைத்தது. வீடு, குடிநீர், மருத்துவம், பிள்ளை காப்பகம், சம்பளத்தோடு விடுப்பு ஆகியவை கங்காணியின் தயவில் இருந்த நிலை மாறிச் சட்டப்படியான உரிமையாயின. பேர் பதிவது ஒருவரிடமும், கூலி கொடுப்பது வேறொருவரிடமும், குறை கேட்பது மூன்றாமவரிடமும் போனது. தொழிலாளிக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்தப் பிரிவினைதான்.

1956 நவம்பர் 1இல் தென் திருவிதாங்கூரின் இந்தப் பகுதி கன்னியாகுமரி மாவட்டமாகத் தாய்த்தமிழகத்தோடு இணைந்தபோது இங்கே மலைப்பயிர் என்றால் ரப்பர் என்றாகியிருந்தது. 1950களின் இறுதியில் வனத்துறை கீரிப்பாறை பக்கத்து மலைகளில் அரசு ரப்பர் தோட்டம் போடத் தொடங்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதிக்கு இந்தத் தோட்டங்கள் பிழைப்புக் கொடுத்தன. கொழுந்தெடுத்துப் பழகிய கைகள் பால்வெட்டுக் கத்தி பிடிக்கப் பழகின. 1984இல் இந்தத் தோட்டங்கள் அரசு ரப்பர் கழகமாக, நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனமாயின. கீரிப்பாறை, காளிகேசம், மணலோடை, சிற்றாறு, மைலார், கோதையாறு, குற்றியாறு என்று கழகத்தின் தோட்டங்கள் விரிகின்றன.

புதிய முறையிலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. நல அலுவலர் தொழிலாளிக்காகப் பேச வேண்டியவர், ஆனால் சம்பளம் வாங்குவது நிர்வாகத்திடம். வேலைநிறுத்தம் வந்தால் அவரை நிர்வாகத்தின் பக்கம் உட்காரவைத்துப் பேசச் சொல்வது வழக்கமாகியிருந்தது. கஜேந்திரகட்கர் தலைமையிலான தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969இல் இதைக் கவனித்து, தொழில்தகராறுகளில் நிர்வாகத்துக்காகப் பேசும் வேலை அவருக்குக் கூடாது என்று பரிந்துரைத்தது. பின்னாளில் அந்தப் பதவி பணியாளர் துறையாகவும் மனிதவளத் துறையாகவும் விரிந்தபோது, நலனும் நிர்வாகமும் ஒரே மேசையில் மறுபடி சேர்ந்தன.

சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பவர்களே இன்று மாவட்டத்தில் அதிகம். குமரி ரப்பரின் பெரும்பகுதி குலசேகரம், திருவட்டாறு, அருமனை வட்டாரத்துச் சிறு தோட்டங்களில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் சட்டமோ தொடக்கத்தில் முப்பது பேருக்குக் குறையாத தோட்டங்களை எண்ணி எழுதப்பட்டது. சில நூறு மரங்களை ஒருவரே வெட்டும் தோட்டத்தில் நல அலுவலர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே கூலி மரக்கணக்கில் வாய்ச்சொல்லாகப் பேசப்படுகிறது. மழைக்காலத்தில் வெட்டு நின்றால் கூலியும் நிற்கிறது. ரப்பர் விலை விழும்போது உடைமையாளர்கள் வெட்டையே நிறுத்திவைப்பதும் உண்டு. அப்போது பால்வெட்டுக்காரருக்கு எஞ்சியிருப்பது, 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியாக வந்த நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளும் வாய்ப்பு ஒன்றுதான். அதற்கான விண்ணப்பத்தையும் சான்றையும் அவரே தேடிப் போய் வாங்க வேண்டியிருக்கிறது.