உப்புக்கண்டம்: வெயில் பக்குவம் பண்ணின கறி

ஃப்ரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி எங்க அச்சங்குளம் பக்கம் கறியைக் கெடாமல் காப்பாத்தினது தூத்துக்குடி உப்பும் நம்ம வெயிலும்தான். கொடைக்கு வெட்டின கிடாயில் மிஞ்சியதை நீளவாக்கில் அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி, நூலில் கோர்த்துக் கொடியில் கட்டுவார்கள். சில நாளில் சுள்ளி மாதிரி காய்ந்ததும் பானைக்குள் போகும்.

இது நேத்து வந்த பழக்கம் இல்லைங்க. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் ஆக்கின சாப்பாட்டிலேயே 'வாடூன்' இருக்கிறது. உலர்ந்த கறி என்று பொருள். 1510-ல் கோவாவைப் பிடித்த போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது சொரிசோ. பன்றிக்கறியில் வினிகரும் மசாலாவும் சேர்த்துக் குடலில் அடைத்து உலர்த்துவது. நமக்குக் குடலும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். காற்றே அவ்வளவு வறட்சி. 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேர்விட்டதற்கும் இதே வறட்சி கைகொடுத்தது.

மானாவாரி கரிசக்காட்டில் மழை பொய்த்தால் கறி வாங்கக் காசு ஏது? அப்போ நாலு துண்டை அலசி, நல்லெண்ணெயில் பொரித்து, தட்டி வைத்தால் வீடே கம்மங்கூழ் குடித்துவிடும். தண்ணீர் வற்றிவிடுவதால் சின்னத் துண்டிலேயே புரதமும் இரும்பும் செறிந்திருக்கும். உப்பும்தான், ரத்தக்கொதிப்பு உள்ளவங்க அளவா சாப்பிடணும்.

இப்போ நினைச்ச நாளில் கறி கிடைக்குது. கொடியில் கட்ட மிஞ்சுறதில்லை, பக்குவம் தெரிஞ்ச கைகளும் குறையுது. உங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிஞ்சா, இந்தச் சித்திரை வெயிலிலேயே கேட்டுச் செஞ்சு பாத்துருங்க.