மின்சாரத்தில் மண் அள்ளிய ஊர்

பேட்டரியில் ஓடும் பொக்லைன் வந்துவிட்டது, இனி மண் வேலைக்கு டீசல் வேண்டாம் என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் மின்சாரத்தில் மண் தோண்டுவதே இன்றைக்குத்தான் பிறந்தது போலப் பேசும்போது, நெய்வேலிச் சுரங்கத்தின் கேபிள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ஊரில் அறுபது வருடத்துக்கும் மேலாக அதுதானே நடக்கிறது!

ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தெரிந்த கதை நெய்வேலியில் எல்லோரும் அறிந்தது. அந்தக் கரியை எடுக்க 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆரம்பத்தில் மேல்மண்ணை எடுத்தவை டீசலில் ஓடிய டோசரும் ஸ்கிரேப்பரும்தான். ஆனால் ஒரு டன் கரிக்கு அதைப் போலப் பல மடங்கு மண்ணை அகற்ற வேண்டும். டீசல் வண்டிகளை மட்டும் நம்பி அது ஆகிற காரியமில்லை. மேற்கு ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் எந்திரங்கள் வந்தன. பெரிய சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றிலும் வாளிகள், அடியில் செயின் பட்டை, பின்னால் கன்வேயர். எல்லாமே மின் மோட்டாரில் ஓடுபவை. 1961 ஆகஸ்டில் கரி வெளியே தெரிந்தது. மறுவருடமே சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது. மெஷின் தோண்டிய கரி அங்கே எரிந்து மின்சாரமாகி, மறுபடி மெஷினுக்கே வந்தது. ஆகவே இதைப் புகையில்லாத மின்சாரம் என்று நான் சொல்லமாட்டேன். நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போன கிராமங்களையும் மறக்கமாட்டேன்.

இந்த மண் லேசுப்பட்டதில்லை. கடலூர் மணற்கல் வாளியின் பற்களைத் தின்றுவிடும். வெடி வைத்துத் தளர்த்திய பிறகே சக்கரம் இறங்கும். கரிக்கு அடியிலோ, அழுத்தத்தோடு மேலே முட்டும் ஊற்றுநீர். இரவும் பகலும் மோட்டார் போட்டு அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். கரண்ட் நிற்கக் கூடாது என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

அந்தக் கரண்டைச் சுமந்தது தரையில் கிடந்த கேபிள். மெஷின் நகர நகரக் கூடவே நகரும். கல் விழுந்தாலோ டோசர் ஏறினாலோ தோல் கிழியும். லைனை அணைத்து, எர்த் போட்டு, அடிபட்ட பாகத்தை வெட்டி எடுப்போம். ஒவ்வொரு கம்பியாக இணைத்து, தனித்தனியே ரப்பர் டேப் சுற்றி, மேல் உறையை அச்சில் வைத்துச் சூட்டில் வேக வைக்க வேண்டும். உள்ளே ஒரு சொட்டு ஈரம் தங்கினாலும் டெஸ்டிங்கில் போய்விடும். மழைக்காலத்தில் ஒரு ஜாயின்ட்டுக்கு முழு ஷிப்டும் போகும். அவசரப்படுத்துகிற அதிகாரியிடம் "முடியாது சார்" என்று சொல்லத் தெரிந்தவனே நல்ல கேபிள்காரன்.

இத்தனை மின்சாரத்துக்கு நடுவிலும் டீசல் போகவில்லை. தோண்டத் தோண்டக் கன்வேயரையும் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். டோசர்தான் அதன் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு, நீளவாக்கில் போய்ப் போய் வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். நின்ற இடத்திலோ மெல்ல நகர்ந்தோ வேலை செய்கிற எந்திரத்துக்குக் கேபிள் போதும். ஓடியாடுகிற எந்திரத்தைக் கேபிளால் கட்ட முடியவில்லை. பேட்டரி வந்து நிரப்ப வேண்டிய இடம் அதுதான். எனவே ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கிரஷருக்கும் கிரேனுக்கும் பேட்டரி தேடி அலைய வேண்டியதில்லை. அங்கே கம்பி இழுத்தாலே டீசல் ஒழியும்.

சேற்றிலும் மழையிலும் உயர் அழுத்த மின்சாரத்தோடு பழகிய ஆட்கள் நெய்வேலியில் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் அவர்களைக் கூப்பிட்டு, புது எந்திரங்களுக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கச் சொல்ல வேண்டும். இந்த வருடமே கூப்பிடுங்கள்.