கள்ளிக்கோட்டையில் கண்ட "தேவாலயம்"

1498-ஆம் ஆண்டு மே மாதத்தில் கள்ளிக்கோட்டைக்கு அருகே வந்திறங்கிய வாஸ்கோடகாமாவும் அவருடைய கூட்டத்தாரும், சாமூதிரி மன்னரைக் காணச் செல்லும் வழியில் ஒரு கோவிலுக்குள் அழைத்துச் செல்லப்பட்டனர். உடன் சென்ற ஒருவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. அவர் அதனைத் தேவாலயம் என்றே எழுதுகிறார். உள்ளேயிருந்த சிறு உருவத்தை மரியாளென்று கொண்டு அவர்கள் ஜெபித்தனர். பூசகர் நீர் தெளித்து, வெண்ணிறப் பொடியும் அளித்தனர். காமா அதைப் பின்னர் பூசிக்கொள்வதாகக் கூறி மற்றொருவரிடம் கொடுத்துவிட்டார். சுவரில் எழுதப்பட்டிருந்த உருவங்களுக்கு நான்கைந்து கைகளும், வாய்க்கு வெளியே நீண்ட பற்களும் இருந்தன. அதையும் மறையாது எழுதியவர், அவர்களைப் பரிசுத்தவான்கள் என்றே குறிக்கிறார்.

இவர் பொய்யர் அல்லர். கண்டதைக் குறைவின்றி எழுதினார். கண்டதற்கு இட்ட பெயர்தான் தவறு. சபைச் சரித்திரம் எழுதப் புகும் நாம் பெரும்பாலும் இத்தகைய சாட்சிகளையே சார்ந்திருக்கிறோம்.

அப்பெயர் லிஸ்பனிலிருந்தே அவர்களோடு கப்பலேறி வந்தது. இஸ்லாமியருக்கு எதிராகத் துணைநிற்கக்கூடிய பிரஸ்டர் யோவான் என்னும் கிறிஸ்தவ அரசன் கீழ்த்திசையில் உண்டென்று 12-ஆம் நூற்றாண்டு முதலே ஐரோப்பாவில் நம்பி வந்தனர். மலிந்தித் துறைமுகத்தில் இந்தியக் கப்பலோட்டிகள் எழுப்பிய குரல் இவர்கள் செவிக்குக் "கிறிஸ்து" என்றே கேட்டது. அது "கிருஷ்ணா" என்பதாயிருக்கலாம்.

ஐயம் எழாமலும் இல்லை. கோவிலில் முழந்தாளிட்ட ஜுவாங் தெ சா என்பவர், இது பிசாசாயிருப்பினும் தாம் வணங்குவது மெய்த்தேவனையே என்று கூற, காமா திரும்பிப் பார்த்து நகைத்தாராம். இதைச் சொல்பவர் பிற்காலத்துச் சரித்திர ஆசிரியராகிய கஸ்தான்யேதா. அந்த நகைப்பு நாட்குறிப்பில் இல்லை. அரசருக்கும் எட்டியதாகத் தெரியவில்லை. 1499 ஜூலையில் மானுவேல் அரசர் ஸ்பெயின் அரச தம்பதியருக்கு எழுதுகையில், அந்நாட்டார் கிறிஸ்தவரே, ஆயினும் விசுவாசத்தில் பலப்படாதவர் என்றார். அவர்கள் பலப்பட்டால் இஸ்லாமியரை முறியடிக்கலாம், வாசனைத் திரவிய வாணிபமும் தம் வசமாகும் என்பது அவர் எண்ணம். பொருந்தாதவை யாவற்றிற்கும் "பலப்படாதவர்" என்னும் ஒரு சொல் சமாதானமாய் அமைந்துவிட்டது.

இவ்வெண்ணத்துடனேயே 1500-இல் கப்ராலின் கப்பல்கள் புறப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் கள்ளிக்கோட்டையில் கலகம் மூண்டு போர்த்துக்கீசியர் பலர் மாண்டனர். கப்ரால் நகரைப் பீரங்கியால் தாக்கினார். பின்பு கொச்சியில் அவரைச் சந்தித்து, 1501-இல் லிஸ்பன் சேர்ந்த கொடுங்கல்லூர்க் குருவானவர் யோசேப்பின் வாயிலாகக் கேரளத்தாரின் மெய்யான சமயநிலை ஐரோப்பியருக்கு விளங்கலாயிற்று.

தோமா கிறிஸ்தவரோ அங்குப் பல நூற்றாண்டுகளாக இருந்தே வந்தனர். 1599-இல் உதயம்பேரூர்ச் சங்கத்தில் பேராயர் மெனேசஸ் அவர்களுடைய சுரியானி நூல்கள் பலவற்றை வேதப்புரட்டு என்று தீர்த்தார். அவை எரிக்கப்பட்டன.